துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவரில் ஒரு நாள் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடியில் இருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். பொட்டு வைக்கிறவர்கள் குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவது வழக்கம்தான். இது வெறும் சுவர். அதுவும் தோள் உயரத்தில், நட்ட நடுவில். நானும் என் மகளும் கறுப்புப் பொட்டு வைப்பதில்லை. நான் குங்குமம் தவிர வேறு எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பிய்த்து எறிந்தேன். மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று இருந்தது.

"இன்னாடி இது?" என்று மகளைக் கேட்டேன்.

"சும்மாம்மா. கண்ணுக்கு எக்சர்சைஸ். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து கண்ணு எரியுது."

அவள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். எங்கள் தெருவில் பாதிப் பேரைப் போலக் காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருகிறவள். கண் எரியும்தான். ஆனால் அவள் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சனிக்கிழமை காலையில் காபி வேண்டாம் என்றாள். காபி இல்லாமல் பல் கூடத் தேய்க்காத பெண். சனிக்கிழமை ஓவர்டைம் என்று போய்விட்டு வருவாள், கையை முகர்ந்தால் தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். ஒரு நாள் பின்னறைக் கதவு இடுக்கில் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த பாட்டிலை வலது கையில் பிடித்து, கையை நீட்டி, பக்கவாட்டில் திரும்பி நின்று அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை பாவாடைப் பாக்கெட்டில். மூச்சு விடுகிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. சாமி வந்தவர்கள் கூட அப்படி அசையாமல் நிற்க மாட்டார்கள்.

யாரோ மந்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாரியம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வாசற்படியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"வயசுப் பொண்ணு இன்னாமோ பண்ணிகினு கீது. நீ ஏன் போலீஸ் மாதிரி பின்னாலயே சுத்திகினு கீற?"

"உங்களுக்குப் பயமா இல்லயா?"

"எலுமிச்சம்பழம் வெச்சிட்ட இல்ல. இன்னும் இன்னா பயம்?"

அவர் அவ்வளவு லேசாகப் பேசியதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அதை அப்போது தள்ளிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு தகர டப்பி. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, வட்டமாக, மூடி திருகுகிற மாதிரி. கையில் எடுத்துப் பார்த்தேன். அது கனத்தது. அந்த அளவு டப்பி அந்தக் கனம் கனக்கக் கூடாது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தக் கனம் தெரியும். தங்கச் சுரங்கம், எங்கள் வாயில் மைன்ஸ், மூடின பிறகு, பழைய ஷாஃப்டுக் குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி மண் எடுத்து வந்து, கழுவி, பாதரசம் விட்டுப் பிசைந்து, துளித் துளியாகத் தங்கம் சேர்க்கிறவர்கள் இருந்தார்கள். சின்ன டப்பியில் பெரிய கனம் இருந்தால் எங்களுக்கு வேறு அர்த்தம் தோன்றாது. என் பெரியண்ணன் அப்படி இறங்கினவர்தான். உள்ளே காற்று கெட்டிருந்தது. கூடப் போனவர்கள் ஓடி வந்துவிட்டார்கள், அவர் வரவில்லை. அவர் போவதற்கு முந்தைய நாட்களில் அவருடைய சட்டைப் பையிலும் ஒரு டப்பி இருந்தது. அண்ணி அதைப் பார்த்தும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்று அண்ணி இன்றைக்கும் அழுகிறாள்.

ஆகவே நான் கேட்காமல் விடுவதாக இல்லை. என் மகள் எந்தக் குழிக்குள் இறங்குகிறாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவளிடம் கேட்டால் மறுபடியும் முந்திக்கொண்டு ஒரு பதில் சொல்வாள். அதனால் டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு பஜாருக்குப் போனேன். எங்கள் வீட்டுத் தாலி செய்த பத்தர் அங்கே இருக்கிறார்.

அவர் மூடியைத் திறந்து ஒன்றை விரலால் எடுத்தார். மிளகு அளவுதான், சாம்பல் நிறம். உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்திருந்தது. சிவன் கையில் இருக்கிற உடுக்கையை எறும்புக்குச் செய்து கொடுத்தது போல இருந்தது.

"இத எங்க புடிச்ச தங்கச்சி?"

"தெரிஞ்சவங்க வீட்ல."

"தெரிஞ்சவங்களா, சரி சரி." இடுக்கியால் ஒன்றை அழுத்தினார். வெண்ணெய் மாதிரி நசுங்கியது. "ஈயம்மா இது. தங்கம்னு நெனச்சிகினு வந்தியா?"

"ஐயோ, இல்லண்ணே."

"மூஞ்சி அப்படித்தான் சொல்லுது. இது காத்துத் துப்பாக்கி குண்டு. எங்க நைனா காலத்துல தொரைங்க வீட்டுப் பசங்க இத வெச்சி காக்கா சுடுவாங்க. உன் தெரிஞ்சவங்க யாரச் சுடப் போறாங்களாம்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தது. ஷாஃப்ட் இல்லை என்று ஒரு நிமிடம் மாரியம்மாவுக்கு நன்றி சொன்னேன். அடுத்த நிமிடமே, அப்படியானால் யாரை என்று யோசிக்க ஆரம்பித்தேன். போன வருஷம் ரயிலில் ஒருவன் தினமும் எதிரில் வந்து உட்கார்ந்து முறைக்கிறான் என்று சொன்னாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவனாக இருக்குமோ?

சாயங்காலம் டப்பியைத் தட்டில் வைத்து, பலகாரம் வைக்கிற மாதிரி அவள் முன்னால் வைத்தேன்.

"யாரடி சுடப் போற?"

அவள் டப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் அவள் நைனாவைப் பார்த்தாள். அந்த மூன்றாவது பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன் அவரிடம்.

"முழுசா தெரியாது."

"எவ்ளோ தெரியும்?"

"முக்கால்வாசி," என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே. டிவி போடவே இல்லை.

"காகிதத்த சுடறேம்மா," என்றாள் மகள். "ஸ்போர்ட்ஸ். பிஸ்டல். ஆபீஸ் பக்கத்துல சுட்டுப் பழகற ரேஞ்ச் கீது. கோச்சும் ஒரு அம்மாதான். உங்கிட்ட சொன்னா விடமாட்ட."

"எப்படித் தெரியும் விடமாட்டேன்னு?"

"எலுமிச்சம்பழம் வெச்சவங்களாச்சே."

நான் அன்றைக்கு ஒரு தீர்மானம் சொன்னேன். என் கண்ணால் பார்க்கிற வரைக்கும் நம்ப மாட்டேன். பார்த்த பிறகு இது வீட்டில் இருக்கலாமா கூடாதா என்று நான்தான் சொல்வேன். அதுவரைக்கும் சனிக்கிழமை கிடையாது. அவள் முகம் வாடிப்போனது. அவளுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆயுத பூஜை முடிந்த உடனே ஒரு தேர்வுப் போட்டி இருக்கிறதாம். அதில் தேறினால் வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்புவார்களாம். நான் வேண்டாம் என்றால் எல்லாம் அதோடு நின்றுவிடும்.

அடுத்த சனிக்கிழமை நானும் ரயிலேறினேன். பங்காருபேட்டை தாண்டின பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் எதிரில் உட்கார்ந்த ஆண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ரேஞ்ச் என்றதும் நான் பெரிய மைதானத்தை நினைத்திருந்தேன். அது ஒரு நீள அறை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் மாதிரி, ஆனால் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் வரிசையாக மேஜைகள், அந்தக் கோடியில் கறுப்பு வட்டம் போட்ட காகிதங்கள். கோச் என்னை விட வயதில் சின்னவர். முன்பு போலீஸில் இருந்தவராம். கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"சந்தேகத்தோட வந்திருக்கீங்க, அல்வா?" அல்லவா என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாங்க," என்றேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

"நல்லது. இங்க சந்தேகம் இருக்கறவங்கதான் பத்திரமா இருப்பாங்க. துப்பாக்கியில குண்டு இல்லேன்னு சொன்னா நம்பவே கூடாது. தெறந்து பாக்கணும். பாத்த பொறவும் உள்ள குண்டு இருக்கற மாதிரியே புடிக்கணும். துப்பாக்கி மூக்கு எப்பவும் காகிதத்தப் பாக்கணும், ஆளப் பாக்கக் கூடாது. சுடற நேரம் வர வரைக்கும் வெரல் டிரிகர் மேல போகக் கூடாது."

இந்த அம்மாவை எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது. என்னையே மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். "மகள் இன்னா பண்றான்னு தெரிஞ்சிக்கணும்னா நீங்களே ஒரு வாட்டி பண்ணணும்."

நான் காலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னார், கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைக்கச் சொன்னார். இடது கையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், அது ஆடினால் உடம்பு ஆடும். பிடியை மரக்கட்டையில் கை அச்சு எடுத்தது போலச் செதுக்கியிருந்தார்கள். அழுத்திப் பிடிக்கக் கூடாது, தளர்த்தியும் விடக் கூடாது. மணிக்கட்டு மட்டும் பூட்டின மாதிரி இருக்க வேண்டும். துப்பாக்கியைத் தூக்கினேன். தூக்கிய உடனே கை நடுங்கியது. காலையில் காபி குடித்தீர்களா என்று கேட்டார் கோச், காபி குடித்தால் கை ஆடுமாம். வட்டம் எங்கேயோ, நான் எங்கேயோ.

"வட்டத்தப் பாக்காதீங்க," என்றார் கோச்.

"வட்டத்தப் பாக்காம எப்படிங்க சுடறது?"

"எல்லாரும் இங்கதான் தப்பு பண்ணுவாங்க. குழல் நுனியில ஒரு சின்ன இரும்புப் பல் கீது பாருங்க. உங்க கிட்ட ஒரு தகட்டுல பள்ளம் கீது. பள்ளத்து நடுவுல பல் நிக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரியணும், தலை ரெண்டும் ஒரே மட்டமா இருக்கணும். கண்ணு அந்தப் பல்லு மேலயே இருக்கட்டும். வட்டம் மங்கலா, புகை மாதிரி தெரிஞ்சா சரி. அதுக்குக் கீழ வெள்ளையில பல்ல நிறுத்துங்க."

அப்படிப் பார்த்தேன். வட்டம் மங்கியது, பல் தெளிந்தது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்தச் சொன்னார். டிரிகரை இழுக்காமல், மெல்ல மெல்ல நேராகப் பின்னால் அழுத்தச் சொன்னார். எப்போது வெடிக்கும் என்று நமக்கே தெரியக் கூடாதாம். தெரிந்தால் கை முன்கூட்டியே பயந்து குலுங்கிவிடுமாம். வெடித்த பிறகும் உடனே கையை இறக்காமல், அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு ஒரு நொடி நிற்க வேண்டும்.

எனக்கு மூச்சு முட்டியது, கை ஆடியது. "வரலீங்க," என்றேன்.

"அப்ப சுடாதீங்க. எறக்குங்க. மூச்சு வாங்குங்க. சரியா இல்லேன்னா சுடாம எறக்கறதுதான் கஷ்டமான பாடம். உங்க மகள் இன்னும் அதத்தான் கத்துகினு கீறா. அவளுக்கு அவசரம் ஜாஸ்தி."

கடைசியில் ஒன்று சுட்டேன். 'டப்' என்று தகர மூடி திறக்கிற சத்தம். காகிதத்தில் ஒன்றும் இல்லை. "சுவத்துல கீது," என்று மகள் பின்னால் நின்று சிரித்தாள். "நல்ல வேளை, வீட்ல நான் பொட்டு ஒட்டினதும் சுவத்துலதான்."

வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னேன். போட்டி வரைக்கும் அனுமதி. ரேஞ்சில் அவளுக்கு இரவல் கொடுத்த பிஸ்டல் வீட்டில் இருக்கலாம், குண்டு இருக்கக் கூடாது. குண்டு இல்லாமலே பொட்டைப் பார்த்து டிரிகர் அழுத்திப் பழகுவதுதான் வீட்டுப் பயிற்சியாம். பழகி முடித்ததும் பிஸ்டல் பெட்டி பீரோவில், பீரோச் சாவி என் தாலிக் கயிற்று ஊக்கில். அவள் ஒவ்வொரு ராத்திரியும் என்னிடம் வந்து சாவி கேட்பாள். நான் பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, குண்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுப்பேன். "கோச்சே பரவால்ல," என்று முணுமுணுப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அதைச் சாதாரணமாகச் செய்ய மாட்டார்கள். மைன்ஸ் ஓடின காலத்தில் ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜுக்கும் பாறை துளைக்கிற டிரில்லுக்கும் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டாமல் அன்றைக்கு யாரும் கீழே இறங்க மாட்டார்கள். பூமிக்கு அடியில் அந்த இரும்பை நம்பித்தான் உயிர். அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. என் வீட்டில் தையல் மெஷின், மிக்சி, அரிவாள்மனை, அவருடைய பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மகளும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பொட்டி மேல மட்டும் வைம்மா. தெறக்காத."

"சரி" என்றேன். அவள் குளிக்கப் போனாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மெஷினுக்கு உறை மேலேயா பொட்டு வைக்கிறோம்? மெஷினுக்குத்தானே வைக்கிறோம்? மற்ற சாமான்கள் எல்லாம் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் மூடிக்குள் குருடாகக் கிடக்கலாமா? திறந்தேன். முதலில் குண்டு இல்லை என்று பார்த்தேன். பிறகு மரப்பிடிக்கு ஒரு பொட்டு, குழலுக்கு ஒரு பொட்டு. அவள் கண் எப்போதும் அந்தப் பல் மேல்தானே இருக்க வேண்டும்? அதனால் அதற்குத் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மூடினேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது. விஜயதசமி அன்றைக்குக் கையை ஓய்வாக வைக்கச் சொல்லியிருந்தார் கோச். அதனால் பெட்டி திறக்கப்படாமலே போட்டிக்குப் போனது.

அங்கே முதலில் ஒரு மேஜையில் துப்பாக்கிகளைச் சோதிக்கிறார்கள். மகள் பெட்டியைத் திறந்தாள். சோதிக்கிறவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு பூஜே ஆகிபிட்டிதே," என்று, பூஜையே ஆகிவிட்டது என்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை. அழுகைதான் இருந்தது.

சந்தனம் காய்ந்து பல்லின் மூலையில் சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. துணியால் துடைத்தாள், போகவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, தாலிக் கயிற்று ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அவசரமாகச் சுரண்டினாள். சந்தனத்தோடு கறுப்பும் உரிந்து உள்ளே இருந்த இரும்பு பளபளத்தது. கோச் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அய்யோ, இது மின்னினா போச்சு. மேல லைட் விழும், ஓரம் தெரியாது. பல் கருப்பா இருந்தாத்தான் கண்ணு புடிக்கும்." சுற்றிலும் பார்த்தார். "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க அந்தக் காலத்துல கற்பூரப் புகையில காட்டிக் கருப்பேத்துவாங்க. இப்ப கற்பூரத்துக்கு எங்க போறது?"

என் கைப்பை நிறையக் கற்பூரம்தான். வெளியூர் போனால் வழியில் எந்தக் கோயில் வரும் என்று யாருக்குத் தெரியும்? பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். கோச் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சின்னத் திருப்புளியால் பல்லை மட்டும் கழற்றினார். கட்டிடத்துக்குப் பின்னால் போய், என் டிபன் பாக்ஸ் மூடியில் கற்பூரம் ஏற்றினோம். இடுக்கியால் பிடித்துப் புகையில் காட்டினார். புகை ஏற ஏற அந்தப் பளபளப்பு மறைந்து மை மாதிரி, வெல்வெட் துணி மாதிரி கறுத்தது. எனக்குக் கை தானாகச் சுடருக்கு நீண்டது, கண்ணில் ஒற்றிக்கொள்ள.

"தொடாதீங்கம்மா!" என்று கோச்சும் மகளும் ஒன்றாகக் கத்தினார்கள்.

போட்டியின்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். காகிதம் எனக்குத் தெரியவில்லை. அவள் முதுகும் கையும்தான் தெரிந்தன. கை மேலே போகும், மெல்ல இறங்கி ஒரு இடத்தில் நிற்கும், அப்புறம் அந்தச் சின்னச் சத்தம். ஒரு தடவை கை நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பக்கத்தில் எல்லாரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சுடாமல் கையை இறக்கினாள். மூச்சு வாங்கினாள். மறுபடி தூக்கினாள், மறுபடியும் சுடாமல் இறக்கினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் அவசரப்படவில்லை. எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. வாசல் வரை போய், காற்று சரியில்லை என்று திரும்பி வரத் தெரிந்திருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார். மூன்றாம் முறை தூக்கினாள், சுட்டாள், சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே நின்றாள்.

அவள் தேறவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது என்றார் கோச், அடுத்த முறை வரும் என்றார்.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டேன். "சந்தனத்தாலயா?"

"இல்லம்மா. மொதல்ல கொஞ்ச ஷாட் அவசரப்பட்டுட்டேன். என் கைதான்."

கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அதனால் எனக்கு இன்னும் சந்தேகம்தான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னா முடிவு பண்ண?" என்று அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

நான் ஊக்கிலிருந்து பீரோச் சாவியைக் கழற்றி மகள் கையில் வைத்தேன். "சனிக்கிழம காபி வேணாம்னா முந்தின நாளே சொல்லு. டிகாஷன் வீணாப் போவுது," என்றேன். அவள் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பையைத் திறந்து, மிச்சம் இருந்த கற்பூரத்தில் ஒரு வில்லையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

பீரோவுக்கு இன்னொரு சாவி உண்டு. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தினமும் அந்தப் படத்தை எடுத்துத் துடைத்துப் பூ வைப்பது அவள்தான்.